பழைய போனைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா, டேப்லட் வாங்குவதா: 20,000 ரூபாயை வைத்து ஒரு கணக்கு

போன மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம், என் போன் மதியம் 2 மணிக்கே சார்ஜ் கேட்க ஆரம்பித்தது. வேலை கிண்டியில், வீடு பெரம்பூரில். சாயங்காலம் சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு மேலே வந்து மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று பார்த்தால், 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அப்படியே அணைந்துவிடும். நான்கு வருடமாகக் கையில் இருக்கும் போன் அது. அதே சமயத்தில் அம்மாவுக்கு ஒரு குறை: "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா, பெருசா தெரியுற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு." மகள் பத்தாம் வகுப்பு. பாடப் புத்தக பிடிஎஃப், பள்ளியிலிருந்து வரும் வினாத்தாள் எல்லாவற்றையும் என் மனைவியின் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒதுக்க முடிந்த பணம் 20,000 ரூபாய். அதை வைத்து நான்கு காரியம் செய்யலாம். இருக்கிற போனைப் பழுது பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல போன் எடுக்கலாம். புதுப் போன் வாங்கலாம். போனை விட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு டேப்லட் வாங்கலாம். இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கி, நண்பர்களைக் கேட்டு, என் போனையே நோண்டிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது கெட்டுப்போயிருக்கிறது?

"போன் ஸ்லோ ஆயிடுச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. பேட்டரி தேய்ந்திருக்கலாம். உள்ளே இடம் நிரம்பியிருக்கலாம். அல்லது நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருக்கலாம். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு, மூன்றாவதற்கு இல்லை. எந்த நோய் என்று தெரியாமல் புதுப் போன் வாங்கப் போனால், இரண்டாயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டு வருவோம்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். லித்தியம் அயன் பேட்டரி நாள் ஆக ஆகத் தேயும். அதை யாராலும் நிறுத்த முடியாது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜுக்குப் பிறகு தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15-லிருந்து அந்தக் கணக்கு 1000. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு நிற்பதில்லை, போனின் வேகத்தையும் பிடித்து இழுக்கலாம். பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைக்கிறோம் என்று 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. என் போன் 18 சதவீதத்தில் அணைந்ததும் இதே கதைதான். கேட்கும் வேகத்தில் மின்சாரம் கொடுக்கப் பேட்டரிக்குத் தெம்பு இல்லை.

ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி பகுதியிலேயே அதன் நிலை சதவீதமாகத் தெரியும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் சோதனை செய்து பார்க்கலாம். இந்த வசதி எதுவும் இல்லாத போன் என்றால் அறிகுறி போதும்: சதவீதம் படிப்படியாக இறங்காமல் தாவித் தாவி இறங்குவது, கேமராவைத் திறந்ததும் அணைவது, பின்பக்கம் லேசாக உப்புவது. உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். குத்துவதோ அழுத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும்.

சென்னையில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் கணக்கு. நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் அதற்கு மேல்தான். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைப்பது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது, சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது, இந்த மூன்றையும் விட்டாலே பேட்டரி ஆயுள் கூடும். இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வீட்டிலேயே இருப்பவர்கள் அதைப் போட்டுவைக்கலாம். டெலிவரி வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு இன்னொன்று: பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டினால், பெரிய இன்ஜினின் அதிர்வு நாளடைவில் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்திருக்கிறது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வைத் தாங்கும் ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது இடம். நினைவகம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டால் போன் திணறும். ஒவ்வொன்றையும் எழுத அது இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். நம் வீடுகளில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப். அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தனியாக எடுத்துக் காட்டும், எந்தக் குழு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதையும் காட்டும். என் போனில் சொந்தக்காரர்கள் குழு ஒன்றே 11 ஜிபி வைத்திருந்தது. எல்லாம் காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும். வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு மீதியை அழித்தேன். அப்புறம் தானாகப் பதிவிறக்கும் வசதியை அணைத்தேன். ஒரு மணி நேர வேலைதான். போன் பாதி புதிதானது போல் ஆகிவிட்டது.

போட்டோக்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிவிட்டு போனில் அழிக்கலாம்தான். ஆனால் 2021 ஜூன் முதல் அதுவும் உங்கள் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகிறது. ஜிமெயிலும் அதே 15-க்குள்தான். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று வரும் ஆப்களை மட்டும் நம்பாதீர்கள். விளம்பரத்தைக் கொட்டிப் பேட்டரியைத் தின்பதைத் தவிர அவை செய்வது குறைவு. திறந்திருக்கும் ஆப்களை நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி மூடுவதும் வீண் வேலை. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிக மின்சாரம் செலவாகும்.

மூன்றாவது, அப்டேட். அமைப்புகளுக்குள் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, இனி வராது என்றும் தெரிந்தால், அந்த போனில் வங்கி ஆப்பும் யுபிஐயும் வைத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பாட்டுக் கேட்க, படிக்க, வீடியோ பார்க்க அது தாராளமாகப் போதும்.

என் போனுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஆக, என் நோய் பேட்டரியும் இடமும்தான்.

பழுது பார்ப்பது: சர்வீஸ் சென்டரா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் என் மாடலுக்குப் பேட்டரி மாற்ற 2,400 ரூபாய் சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 900. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை என்று அந்த வட்டாரம் முழுக்கக் கடைகள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். சர்வீஸ் சென்டரில் "போர்டு போச்சு, மாத்தணும்" என்று கைவிட்ட போனை, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஒரு சின்னப் பாகத்தை மட்டும் மாற்றி உயிர் கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பேட்டரி விஷயம் வேறு. திறமை எவ்வளவு இருந்தாலும் போடுகிற சரக்கு நல்லதாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு என் தம்பியின் போனுக்கு ஒரு கடையில் 'ஒரிஜினல்' என்று சொல்லிப் போட்ட பேட்டரி மூன்று மாதத்தில் உப்பி, டிஸ்ப்ளேயையே தூக்கிவிட்டது. அதனால் என் முடிவு இது: பேட்டரிக்கு சர்வீஸ் சென்டர், போர்டு, சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் போன்ற வேலைக்கு ரிச்சி ஸ்ட்ரீட். உங்கள் மாடல் ரொம்பப் பழையது, சர்வீஸ் சென்டரில் பேட்டரியே வருவதில்லை என்றால் தெருக் கடைதான் வழி. அப்போது கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள், பில்லும் உத்தரவாதமும் எழுதி வாங்குங்கள். ஒருமுறை திறந்த போனின் ஓரத்து ஒட்டுப் பசை பழையபடி நிற்காது. தண்ணீர் புகாத போன் என்று வாங்கியிருந்தாலும், திறந்த பிறகு மழையில் அந்தத் தைரியம் வேண்டாம்.

சார்ஜ் ஏறவில்லை என்று போகிறவர்கள் கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். போனை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூல் தூசி அடைத்திருந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும். ஊசி, பின் எதுவும் வேண்டாம்.

போனைக் கடையில் விட்டுவிட்டு வரவேண்டி இருந்தால் முதலில் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் மெக்கானிக் போனைச் சோதிக்கலாம். உங்கள் படங்கள், செய்திகள் எதுவும் அவருக்குத் தெரியாது. கூகுளின் பிக்சல் போன்களிலும் இதே போன்ற வசதி வந்துவிட்டது. இது பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட்

20,000 ரூபாய்க்கு, இரண்டு வருடம் முன்பு 40,000 விற்ற போன் கிடைக்கும். கேமரா, திரை, வேகம் எல்லாம் அதே விலையுள்ள புதுப் போனைவிட நன்றாக இருக்கும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தயக்கம் இரண்டு. திறந்து பார்த்தார்களா, டிஸ்ப்ளே மாற்றியதா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். பேட்டரி ஏற்கெனவே தேய்ந்திருக்கும், அதற்கும் ஒரு செலவு எடுத்துவைக்க வேண்டும்.

எடுப்பது என்று முடிவு செய்தால், பணம் கொடுப்பதற்கு முன் *#06# அடியுங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) பில்லோடும் பெட்டியோடும் ஒப்பிடுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் முடக்கக் கேட்பதும் அங்கேதான். விற்பவரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ உங்கள் எதிரிலேயே நீக்கச் சொல்லுங்கள். நீக்காமல் ரீசெட் செய்த போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தவணை முடியாத போனாக இருந்தால் பாக்கிக்காகப் பூட்டிவிடுவதும் உண்டு. பில் இல்லாத போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புதுப் போன்

இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 12,000, 15,000 ரூபாயில் வரும் புதுப் போன், நான்கு வருடம் முன்பு 25,000 கொடுத்து வாங்கிய போனைவிட வேகமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்டியில் '4 + 4 ஜிபி ரேம்' என்று போட்டிருந்தால் பின்னால் வரும் 4 நிஜ ரேம் இல்லை, நினைவகத்திலிருந்து கடன் வாங்கியது. அதனால் பெரிய பலன் கிடையாது. 5ஜிக்காக மட்டும் மாற்றுவதும் தேவையில்லை. சென்னையில் 5ஜி வந்தது 2022 அக்டோபரில், 4ஜியில் இன்றைக்கும் எல்லா வேலையும் நடக்கிறது. வாங்குகிறவர்கள் எத்தனை வருடம் அப்டேட் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-லிருந்தும் சாம்சங் எஸ் 24-லிருந்தும் 7 வருடம் தருகிறார்கள். மலிவு மாடல்களில் அது வெகுவாகக் குறையும். விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதையும் நினைவில் வையுங்கள். பழையதை ஒரு வருடம் கூடுதலாக ஓட்டினால் அந்த வரியும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

டேப்லட் போனுக்கு மாற்றா?

இல்லை. இதைத்தான் பலர் வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறார்கள். யுபிஐ ஆப் வேலை செய்ய, வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே கருவியில் இருந்து, அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். வைஃபை மட்டும் உள்ள டேப்லட்டில் அது நடக்காது. ஆக, காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்ய போன்தான். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ்ஸும் கிடையாது. கேமராவும் சுமார்தான்.

அதனால் டேப்லட்டை இரண்டாவது போனாக நினைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரு புத்தகமாக நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அதன் அருமை புரிந்தது. தமிழில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பக்கம் பக்கமாகப் படம் எடுத்தது போன்றவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்காது. போனில் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். 10, 11 அங்குலத் திரையில் முழுப் பக்கமும் அப்படியே தெரியும். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான அரிய நூல்களை இப்படித்தான் வைத்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூலகத்தில் சங்க இலக்கியம் முதலான நூல்கள், ஸ்கேன் படமாக இல்லாமல் எழுத்து வடிவிலேயே கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் பிடிஎஃப் ஆகவே இலவசம். மகள் இப்போது கணக்குப் புத்தகத்தை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு நோட்டில் போடுகிறாள். அவளுக்குக் கழுத்து வலிப்பதில்லை என்பதே எனக்குப் பெரிய லாபம்.

அம்மாவுக்கு எழுத்தளவைக் கடைசி வரை தள்ளிக் கொடுத்தேன். கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் என்று காட்டினேன். கூகுளில் இது 2017 முதலே இருக்கிறது. அம்மாவுக்கு இத்தனை வருடம் கழித்துக் காட்டினேனே என்று வருத்தமாக இருந்தது. வாட்ஸ்அப்பை அவருடைய போன் எண்ணோடேயே டேப்லட்டில் இணைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணையும். துபாயில் இருக்கும் தங்கையை இப்போது பெரிய திரையில் பார்க்கிறார்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஓடிடியில் படம் தெளிவாகத் தெரிய 'வைட்வைன் எல் 1' சான்று வேண்டும். அது இல்லாத மலிவு டேப்லட்டில் பெரிய திரை இருந்தும் படம் மங்கலாகவே வரும். நினைவகம் 128 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். சிம் போடும் மாடலுக்கு இரண்டு மூன்று ஆயிரம் கூடக் கேட்டார்கள். வீட்டில் வைஃபை இருப்பதால் நான் அதை எடுக்கவில்லை, வெளியே போனால் போனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது.

நான் எடுத்த முடிவு

போனுக்கு சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினேன், 2,400. டேப்லட் 14,500. மீதி 3,100-இல் ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட்டும் சிக்னலும் சேர்ந்து போனதை மறக்கவில்லை. சிக்னல் வலுவில்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும். அந்த மாதிரி நாளில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவைத்து, மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். சென்னை வரைபடத்தை கூகுள் மேப்ஸில் முன்பே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் வழி தெரியும். நவம்பர் பிறக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

என் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. படம் பிடிப்பதே தொழில் என்றால் டேப்லட்டை விட்டுவிட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல கேமரா போன் எடுங்கள். டிஸ்ப்ளேயும் பேட்டரியும் சேர்ந்து போய், பழுது செலவு அந்த போனின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டாம். அப்டேட் நின்றுபோன போனில்தான் கடை வரவு செலவு முழுக்க நடக்கிறது என்றால், தவணையிலாவது புதுப் போன் வாங்கிவிடுவதுதான் சரி.

என் போனுக்கு அடுத்த வருடத்தோடு பாதுகாப்பு அப்டேட் நிற்கும். அன்றைக்கு யுபிஐயையும் வங்கி ஆப்பையும் அதிலிருந்து எடுத்துவிடுவேன். பேட்டரி நன்றாக இருக்கும் என்பதால் அந்த போன் அம்மாவின் சமையலறை அலமாரிக்குப் போகும், காலையில் சுப்ரபாதமும் சாயங்காலம் செய்தியும் கேட்க. எனக்கான போனுக்கு இந்த மாதத்திலிருந்தே மாதம் 1,500 ரூபாய் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்திருக்கிறேன்.